கேட்கிறவர் பங்கு

1962 நவம்பரில் நியூயார்க்கின் பெரிய கடைகளுக்குள் ஓர் ஆள் நுழைந்து, கண்ணில் படும் விற்பனையாளரிடம் போய், "பெண்கள் காலணி எங்கே இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியும். நான்காவது மாடி. விற்பனையாளர் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்பார். வந்தவர் காதில் சரியாக விழாதவர்போல முன்னே குனிந்து, "என்ன சொன்னீர்கள்?" என்பார். இந்த முறை பதில் கொஞ்சம் அழுத்தமாக, கொஞ்சம் திருத்தமாக வரும். அவர் நன்றி சொல்லி நகர்ந்து, விற்பனையாளரின் கண்ணுக்கு மறைவாக நின்று குறிப்பேட்டில் கிறுக்குவார். நான்காவது மாடிக்கே போய்விட்டால் கேள்வி மாறும். "இது எத்தனையாவது மாடி?"

அவர் பெயர் வில்லியம் லபோவ். கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர். மாணவர் என்றாலும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை அச்சு மை தயாரிக்கும் தொழிலில் வேதியியலாளராக இருந்தவர். பரிசோதனைக் குழாயோடு பழகியவருக்கு, அன்றைய மொழியியலாளர்கள் தங்கள் காதையே சாட்சியாக வைத்துக்கொண்டு எழுதியதில் திருப்தி இல்லை. தெருவில் போய் அளந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அளப்பதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஓர் ஒலி. 'ஃபோர்த்', 'ஃப்ளோர்' என்ற இரு சொற்களிலும் உயிரொலிக்குப் பின்னால் வருகிற 'ர்'. நியூயார்க்வாசிகள் சிலர் அதை ஒலித்தார்கள். பலர் 'ஃபோத் ஃப்ளோ' என்று விழுங்கினார்கள்.

கடைகள் மூன்று. ஐந்தாவது அவென்யூவில் சாக்ஸ்: பணக்காரர்கள் போகிற இடம், மேல்மாடிகளில் கம்பளம் விரித்து, சரக்கைக் குறைவாகவும் இடத்தைத் தாராளமாகவும் வைத்திருப்பார்கள். ஹெரால்டு சதுக்கத்தில் மேசீஸ்: நடுத்தரக் குடும்பங்களின் கடை. யூனியன் சதுக்கத்தில் எஸ். க்ளைன்: தாழ்ந்த கூரைக்குக் கீழே மலிவுத் துணி குவிந்து கிடக்கும், நெரிசலில் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மூன்று கடையிலும் நிற்பவர்கள் விற்பனையாளர்கள்தான். ஒருவருக்கொருவர் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாத வேலை. ஆனால் தினமும் யாருக்குப் பொருள் எடுத்துக் கொடுக்கிறார்களோ அவர்களுடைய மதிப்பில் கொஞ்சம் விற்பவர் நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும் என்பது லபோவின் ஊகம்.

264 பேரிடம் கேட்டார். மொத்தமாக எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ ஆறரை மணி. 'ர்'ரை முழுமையாகவோ பாதியாகவோ ஒலித்தவர்கள் சாக்ஸில் 62 சதவீதம், மேசீஸில் 51, க்ளைனில் 20. சாக்ஸுக்கு உள்ளேயே, கூட்டம் மொய்க்கும் தரைத்தளத்தைவிடக் கம்பளம் விரித்த மேல்மாடிகளில் 'ர்' அதிகம். சமூகப் படிநிலை என்பதைப் புள்ளிவிவரத் துறையின் வருமானப் பட்டியலில் பார்த்துப் பழகியவர்களுக்கு, அது ஒரு கடையின் மாடிப்படியிலேயே காதால் கேட்கும்படி இருந்தது ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும்.

எனக்கு இந்தக் கணக்கில் சுவையான இடம் அந்த இரண்டாவது பதில்தான். "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டவுடன் சாக்ஸ்காரர்கள் அநேகமாக முதலில் சொன்னபடியேதான் சொன்னார்கள். மேசீஸ்காரர்களின் 'ர்' சட்டென்று கூடியது. நடுப்படியில் நிற்பவருக்கு எது 'உசத்தி' என்று நன்றாகத் தெரியும். அவசரத்தில் வாய் மறந்துவிடும். யாராவது உற்றுக் கேட்டால் ஞாபகம் வந்துவிடும். அடுத்து நகரத்தின் கீழ்க் கிழக்குப் பகுதியில் வீடு வீடாகப் போய்ச் செய்த பெரிய ஆய்வில் இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. சாதாரணப் பேச்சில் கீழ் நடுத்தர வர்க்கத்தார் 'ர்'ரை அதிகம் ஒலிப்பதில்லை. சொற்பட்டியலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னால் மேல் நடுத்தர வர்க்கத்தாரையே மிஞ்சி ஒலிக்கிறார்கள். வேலை நேர்காணலுக்குப் போகிறவர் அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரியைவிட நேர்த்தியாகச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவதுபோல.

*

அப்படியானால் 'ர்' என்ற ஒலியில் ஏதோ கம்பீரம் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அட்லாண்டிக்கைக் கடந்தால் கதை தலைகீழ். இங்கிலாந்தில் உயிருக்குப் பின்னால் 'ர்' ஒலிப்பது நாட்டுப்புறத்து அடையாளம். தென்மேற்கு மாவட்டங்களின் விவசாயி ஒலிப்பார். லண்டன் கனவான் விழுங்குவார். திரைப்படக் கடற்கொள்ளையர்கள் 'ஆர்ர்ர்' என்று உறுமுவதுகூட அங்கிருந்து வந்ததுதான். 1950-இல் வெளிவந்த 'ட்ரெஷர் ஐலண்ட்' படத்தில் கொள்ளையனாக நடித்த ராபர்ட் நியூட்டன் டார்செட்டில் பிறந்தவர். தன் பக்கத்துப் பேச்சை ஊதிப் பெருக்கி வைத்தார், அது உலகத்துக் கொள்ளையர் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. நியூயார்க்கிலேயேகூட இரண்டாம் உலகப் போருக்கு முன்பு லண்டனைப் பார்த்து 'ர்'ரை விழுங்குவதுதான் மேன்மக்கள் வழக்கமாக இருந்தது. அதிபர் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பழைய வானொலி உரைகளைக் கேட்டால் தெரியும். போருக்குப் பிறகு காற்று மாறியது. ஒரு தலைமுறைக்குள் அதே விழுங்கல் டாக்சி ஓட்டுநரின் அடையாளமாகிவிட்டது.

ஒலிக்குத் தனியாக மானமும் இல்லை, அவமானமும் இல்லை. அதை யார் பேசுகிறார்கள் என்று ஊர் நினைக்கிறதோ அதுதான் அதன் விலை.

நம்மிடம் 'ழ' இருக்கிறது. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜனும் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் பிரைட்டும் 1960-களின் தொடக்கத்தில் தமிழ், கன்னடம், துளு மூன்றிலும் சாதிவாரிப் பேச்சு வேறுபாடுகளை ஒப்பிட்டு எழுதினார்கள். பிராமணர் பேச்சில் 'ழ' தங்கியிருக்க, மற்றவர் பேச்சில் பெரும்பாலும் அது 'ள'வோடும் 'ய'வோடும் கலந்துவிட்டதைக் குறித்தார்கள். தலைமுறை தலைமுறையாக எழுத்துப் பழக்கம் யார் கையில் இருந்ததோ அவர்கள் பேச்சில் சில மாற்றங்கள் தாமதப்பட்டன என்பது அவர்கள் தந்த விளக்கம். அதாவது 'வாளைப்பளம்' என்பவரின் நாக்கில் கோளாறு ஒன்றுமில்லை. அவருடைய தாத்தாவைப் பள்ளிக்கூடம் எந்த வாசலில் நிறுத்தியது என்பதுதான் கேள்வி. ஆனால் தொலைக்காட்சிப் போட்டிகளில் சிரிப்பு வருவது நாக்கைப் பார்த்துத்தான்.

*

இந்தச் சிரிப்பை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1960-இல் மான்ட்ரியாலில் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டும் அவருடைய குழுவினரும் ஒரு தந்திரம் செய்தார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகிறவர்களைக் கூட்டி, ஒரே பகுதியை இரு மொழியிலும் படிக்க வைத்துப் பதிவு செய்தார்கள். கேட்பவர்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் என்று நினைக்கும்படி குரல்களைக் கலைத்துப் போட்டார்கள். "இந்தக் குரலுக்கு உரியவர் எப்படிப்பட்டவர்? புத்திசாலியா, நம்பத் தக்கவரா, உயரமானவரா?" என்று கேட்டார்கள். அந்த ஊரில் அன்று பணமும் பதவியும் ஆங்கிலம் பேசுபவர் கையில். ஆங்கிலேயர்கள் ஆங்கிலக் குரல்களை உயர்த்தி மதிப்பிட்டார்கள்; அது எதிர்பார்த்ததுதான். பிரெஞ்சுக்காரர்களும் அப்படியே செய்தார்கள். அது மட்டுமில்லை, பிரெஞ்சுக் குரல்களை ஆங்கிலேயர் தாழ்த்தியதைவிடப் பல குணங்களில் அவர்களே அதிகம் தாழ்த்தினார்கள். பேசியவர் ஒரே ஆள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவருடைய உயரம்கூட மொழிக்கு மொழி மாறியிருக்கிறது.

இந்த உத்தி பிறகு இங்கிலாந்தில் வர்க்கத்தை அளக்கும் கோலாயிற்று. அங்கே 'முறையான' உச்சரிப்பு என்பது எந்த ஊருக்கும் சொந்தமில்லை. கட்டணம் கட்டிப் படிக்கும் உயர்குடிப் பள்ளிகளுக்குச் சொந்தம். பி.பி.சி. அதைத்தான் வானொலிக் குரலாக எடுத்துக்கொண்டது. போர்க்காலத்தில் யார்க்‌ஷயர்க்காரரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸைச் செய்தி வாசிக்க வைத்தபோது நேயர்களிடமிருந்து புகார்கள் வந்தன. செய்தி மாறவில்லை, குரல் மாறியது; அதுவே நம்பிக்கையை அசைக்கப் போதுமானதாக இருந்தது.

2002-இல் வெளியான ஓர் ஆய்வில் காவல்துறை விசாரணை ஒன்றின் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சந்தேக நபர் ஒரு பதிவில் பர்மிங்ஹாம் தொழிலாளர் வர்க்க உச்சரிப்பில் மறுக்கிறார், இன்னொன்றில் முறையான உச்சரிப்பில் மறுக்கிறார். பர்மிங்ஹாம் குரலைக் கேட்டவர்கள் அவர் குற்றம் செய்திருப்பார் என்று கூடுதலாக நினைத்தார்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயமில்லை. ஹோவர்ட் ஜைல்ஸ் 1970-களில் மரண தண்டனை பற்றிய ஒரே வாதத்தைப் பல உச்சரிப்புகளில் கேட்க வைத்தபோது, வாதத்தின் தரத்துக்கு அதிக மதிப்பெண் முறையான உச்சரிப்புக்குத்தான் கிடைத்தது. கேட்டவர்களின் மனத்தை மாற்றியது வட்டார உச்சரிப்புகள். மதிப்பது ஒருவரை, நம்பிப் பின்னால் போவது இன்னொருவரை. பீட்டர் ட்ரட்கில் தன் சொந்த ஊரான நாரிச்சில் கண்டதும் இதற்கு உறவுதான். "நீங்கள் எப்படி உச்சரிக்கிறீர்கள்?" என்று கேட்டால், பெண்கள் பலர் தாங்கள் உண்மையில் பேசுவதைவிட நயமாகப் பேசுவதாகச் சொன்னார்கள். ஆண்கள் பலர் உண்மையில் பேசுவதைவிடக் கரடுமுரடாகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டார்கள். தொழிலாளியின் பேச்சில் ஆண்மையும் தோழமையும் இருப்பதாக அவர்களுக்குள் ஓர் எண்ணம். கல்லூரிக்குப் போன பையன்கள் மாமன் மச்சான் கூட்டத்தில் மட்டும் 'லோக்கலாக' இறங்கிப் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு நாரிச் ரொம்பத் தூரமில்லை.

*

"அதெல்லாம் சரி, ஆனால் சில பேச்சு உண்மையாகவே புரிவதில்லையே?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. உச்சரிப்பு வேறானால் ஒலிகளின் எல்லை மாறுகிறது. மூளை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த உழைப்பு எவ்வளவு நேரத்துக்கு என்பதைப் பார்க்க வேண்டும்.

2003-இல் நெதர்லாந்தில் ஒரு சோதனை. 'ஃப'வும் இல்லாமல் 'ஸ'வும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே ஓர் ஒலியைக் கணினியில் தயாரித்தார்கள். ஒரு குழுவுக்கு, 'ஃப'வில் முடியும் சொற்களின் கடைசியில் அதைப் பொருத்திக் கேட்க வைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு 'ஸ'வில் முடியும் சொற்களில். இப்படிப்பட்ட சொற்கள் இருபதே. அதன் பிறகு அந்த நடு ஒலியைத் தனியாகக் கேட்டபோது முதல் குழுவுக்கு அது 'ஃப'வாகவும் இரண்டாவது குழுவுக்கு 'ஸ'வாகவும் கேட்டது. யாரும் பாடம் நடத்தவில்லை. 'ஓ, இந்த ஆள் இதை இப்படித்தான் சொல்வார் போலிருக்கிறது' என்று மூளை தானாகவே கோட்டை நகர்த்தி வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில், ஸ்பானிய, சீன வாடை கலந்த ஆங்கிலத்தைக் கேட்பவர்கள் எவ்வளவு வேகமாகப் பழகுகிறார்கள் என்று பார்த்தார்கள். முதல் சில வாக்கியங்களில் தடுமாற்றம். ஒரு நிமிடத்துக்குள் அந்தத் தடுமாற்றத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

ஆக, காது சோம்பேறி அல்ல. காதுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் தீர்ப்புதான் சிக்கல். சிகாகோவில் 2010-இல் செய்த சோதனையில், 'ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி தண்ணீரில்லாமல் அதிக நாள் தாங்கும்' என்பதுபோன்ற துணுக்குகளைப் பலர் குரலில் கேட்க வைத்து, எந்த அளவுக்கு உண்மை என்று மதிப்பிடச் சொன்னார்கள். பேசுகிறவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் வெறும் தூதர்கள் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தும், அயல் உச்சரிப்பில் கேட்ட துணுக்குகளைக் குறைவாக நம்பினார்கள். 'உச்சரிப்புச் சிரமம் உங்கள் நம்பிக்கையைப் பாதிக்கலாம்' என்று முன்கூட்டியே உஷார்ப்படுத்தியபோது இலேசான உச்சரிப்பு தப்பித்தது. கனத்த உச்சரிப்பு தப்பவில்லை. காதுக்கு ஏற்படும் சிறு சிரமத்தை மூளை 'இது பொய்யாக இருக்கலாம்' என்று வேறு கணக்கில் எழுதிவிடுகிறது.

இதைவிடச் சங்கடமானது, ஒலியே இல்லாத இடத்தில் உச்சரிப்பைக் கேட்பது. 1992-இல் டொனால்ட் ரூபின் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரே அமெரிக்கப் பெண்ணின் குரலில் பதிவான ஒரே விரிவுரை. சுவரில் மட்டும் ஒரு பிரிவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், இன்னொன்றுக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களில் பலருக்கு இல்லாத அயல் உச்சரிப்பு காதில் விழுந்தது. பாடமும் குறைவாகவே மனத்தில் நின்றது. பிறகு இதைச் செய்து பார்த்த எல்லாருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

*

இரண்டு பேர் பேசும்போது இடைவெளியைக் கடக்க யாராவது நகர வேண்டும். யார் நகர்கிறார்கள்?

கார்டிஃபில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் நிக்கோலஸ் கூப்லண்ட் இதைப் பதிவு செய்தார். கவுன்டரில் இருந்த பெண் ஊழியர் ஏறத்தாழ ஐம்பது வாடிக்கையாளர்களிடம் பேசியதை ஒப்பிட்டுப் பார்த்தார். வந்தவர் 'ஹ'வை விழுங்கினால் அவரும் விழுங்குகிறார். வந்தவர் திருத்தமாகப் பேசினால் அவரும் திருத்துகிறார். வாடிக்கையாளரின் வர்க்கத்தை அவர் பேச்சைக் கேட்டு ஊகிப்பதும், எதிரே இருந்த ஊழியரின் பேச்சைக் கேட்டு ஊகிப்பதும் அநேகமாக ஒன்றே என்று சொல்லும் அளவுக்குப் பொருத்தம். அந்தப் பெண் இதை யோசித்துச் செய்திருக்க மாட்டார். பிழைப்புக்காக நாள் முழுவதும் நாக்கை இடம் மாற்றிக்கொண்டே இருப்பது சம்பளப் பட்டியலில் வராத வேலை.

மேலே இருப்பவர்களும் நகர்வதுண்டு, மெதுவாக. இரண்டாம் எலிசபெத்தின் கிறிஸ்துமஸ் உரைகளை 1950-களிலிருந்து 1980-கள் வரை எடுத்து அவருடைய உயிரொலிகளை அளந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மகாராணியின் உச்சரிப்பே குடிமக்களின் தென் இங்கிலாந்துப் பேச்சை நோக்கிச் சற்று நகர்ந்திருந்ததை 2000-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். முப்பது ஆண்டில் மகாராணி வந்த தூரத்தை கார்டிஃப் ஊழியர் ஒரு காலைப்பொழுதில் பலமுறை போய்வந்திருப்பார்.

நகர முடியாதவர்களின் நிலைமைதான் மோசம். எந்தப் பக்கம் நகர வேண்டும் என்றே தெரியாதவர்களின் நிலைமை அதைவிட மோசம். அதற்கு நம்மவர்களின் கதை ஒன்று இருக்கிறது.

1970-களில் பிரிட்டனின் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். இறைச்சி வாங்குகிறவரிடம் 'கிரேவி' வேண்டுமா என்று கேட்பது அவர்கள் வேலையில் ஒன்று. அங்கத்திய ஊழியர் இந்த ஒற்றைச் சொல்லைக் குரலைத் தூக்கிச் சொல்வார்: 'கிரேவி?' இந்தப் பெண்கள் குரலை இறக்கிச் சொன்னார்கள்: 'கிரேவி.' அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஆங்கிலேயர் காதில் முதலாவது உபசாரம். இரண்டாவது, 'இது கிரேவி, வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ.' தட்டோடு நின்ற சரக்குத் தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் இவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, திமிர் பிடித்தவர்கள் என்றார்கள். பெண்களுக்கோ, மரியாதையாகக் கேட்டும் முறைக்கிறார்களே, நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி என்ற எண்ணம். இரண்டு தரப்புக்கும் ஆதாரம் தினமும் சேர்ந்துகொண்டே போனது.

ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் வந்து இரு தரப்பின் பேச்சையும் பதிவு செய்து, எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். ஆங்கில மொழி ஆசிரியர்களும் மேற்பார்வையாளரும் வித்தியாசத்தை உடனே சுட்டிக்காட்டினார்கள். பெண்களுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்றார்கள். அவர்கள் தாய்மொழிப் பழக்கத்தில் அந்த இறங்கு குரல்தான் இயல்பாகக் கேட்கும் முறை. தமிழ்க்காரருக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. 'குழம்பு ஊற்றட்டுமா?' என்பதில் கேள்வியைச் சுமப்பது கடைசி 'ஆ'தான். அதையும் வினைச்சொல்லையும் எடுத்துவிட்டு 'குழம்பு' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டு பந்தியில் வருகிறவர் குரலைத் தூக்குவதும் இல்லை, யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. விஷயம் விளங்கியதும் பெண்கள் பல மாதத்து முறைப்புகளுக்குக் காரணம் தெரிந்துகொண்டார்கள்; மேற்பார்வையாளர்களும் அந்தத் தொனி திமிரல்ல என்று தெரிந்துகொண்டார்கள். கம்பர்ஸின் இந்த வேலையை வைத்து பி.பி.சி. 1979-இல் 'கிராஸ்டாக்' என்ற நிகழ்ச்சியைத் தயாரித்தது.

அயல் உச்சரிப்பு என்றால் நாம் 'ர்', 'ழ' போன்ற ஒலிகளைத்தான் நினைக்கிறோம். அவற்றில் பிழை விட்டால் 'இவர் வெளியூர்' என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் சலுகை கிடைக்கும். தொனியில் விலகினால் அது மொழி வேற்றுமையாகவே காதில் படாது, குணமாகப் படும். மரியாதை தெரியாதவர், அழுத்தக்காரர், கெஞ்சுகிறவர். ஆங்கிலம் அறவே தெரியாதவரைவிட நன்றாகத் தெரிந்தவர்தான் இந்த வலையில் அதிகம் மாட்டுவார்.

இந்த கம்பர்ஸும், வேடிக்கையாக, லபோவைப்போல வேதியியல் படித்துவிட்டு மொழியியலுக்கு வந்தவர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த யூதக் குடும்பத்துப் பையன். விமான நிலையத்துக்கு வரும் முன்பே, 1950-களில் டெல்லிக்கு வடக்கே கலாப்பூர் என்ற கிராமத்தில் தங்கிச் சாதிகளின் பேச்சை ஆராய்ந்திருந்தார். சுமார் 5,000 பேர் வாழ்ந்த ஊர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதிகளின் பேச்சு மற்றவர் பேச்சிலிருந்து தனியாகத் தெரிந்தது. அவர்கள் என்ன, மற்றவர்களோடு பேசாமலா இருந்தார்கள்? நாள் முழுவதும் மேல்சாதியார் வயலிலும் வாசலிலும்தான் வேலை. பேச்சைக் கேட்பதற்குக் குறைவே இல்லை. 1958-இல் எழுதிய கட்டுரையில் கம்பர்ஸ் வந்த முடிவு, எத்தனை முறை சந்திக்கிறார்கள் என்பதால் பேச்சு ஒன்றுபடுவதில்லை, யாரோடு விளையாடுகிறார்கள், யாரோடு சேர்ந்து உட்கார்ந்து வம்பு பேசுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்பது. கட்டளையும் பதிலுமாக நடக்கும் பேச்சில் நாக்கு ஒட்டாது. விமான நிலைய உணவகத்தில் ஆங்கிலேயத் தொழிலாளர்களும் அந்தப் பெண்களும் தினமும் சந்தித்துக்கொண்டும் ஒருவர் தொனி மற்றவருக்குப் பழகாமல் போனதில் வியப்பில்லை. அவர்களுக்கு நடுவே ஒரு கவுன்டர் இருந்தது.

*

உணவகத்தில் இது மனஸ்தாபம். வாடகை வீடு தேடும்போது வேறு மாதிரி. கலிபோர்னியாவில் ஜான் பா என்ற கறுப்பின மொழியியலாளர், வீட்டு விளம்பரங்களுக்குத் தொலைபேசியில் மூன்று குரலில் பேசினார்: வெள்ளையர் ஆங்கிலம், கறுப்பினப் பேச்சு, மெக்சிகோ அமெரிக்கர் பேச்சு. மூன்றும் அவருக்கு இயல்பாக வரும். சொன்ன வாக்கியம் ஒன்றே. வெள்ளையர் அதிகம் வாழும் வசதியான பகுதிகளில், வீடு பார்க்க வரச் சொன்னது பெரும்பாலும் முதல் குரலைத்தான். தன் சகாக்களோடு 1999-இல் வெளியிட்ட அந்த ஆய்வின் இன்னொரு பகுதியில், 'ஹலோ' என்ற ஒரே சொல்லை வைத்தே பேசுபவர் எந்தப் பிரிவினர் என்று கேட்டவர்களில் மிகப் பலர் சரியாகச் சொன்னதைக் காட்டினார்கள். கதவு மூட ஒரு சொல் போதும்.

நீதிமன்றத்தில் இன்னும் கடுமை. 2013-இல் ஃப்ளோரிடாவில் டிரேவோன் மார்ட்டின் கொலை வழக்கு. சுடப்பட்ட அந்தக் கறுப்பினச் சிறுவனோடு கடைசி நிமிடங்களில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த தோழிதான் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி. ஏறத்தாழ ஆறு மணி நேரம் சாட்சி சொன்னார். அவர் பேசியது தனக்கென்று முறையான இலக்கணம் உள்ள கறுப்பின ஆங்கிலம். வழக்கு முடிந்த பிறகு ஜூரர் ஒருவர், அந்தப் பெண் சொன்னதைப் புரிந்துகொள்வது கடினமாக இருந்தது, நம்பும்படியும் இல்லை என்றார். பதினாறு மணி நேரத்துக்கும் மேலாக நடந்த ஜூரி ஆலோசனையில் அவர் சாட்சியம் பேசப்படவே இல்லை. ஸ்பானியம் பேசுகிறவர் சாட்சிக் கூண்டில் ஏறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். 'அதே மொழி'யை வேறு மாதிரி பேசுகிறவருக்கு அந்த வழியும் கிடையாது. புரியவில்லை என்றால் பேசியவர் சரியில்லை.

நீதிமன்றங்களில் பேச்சை எழுத்தாக்கும் சுருக்கெழுத்தர்களை 2019-இல் ஃபிலடெல்ஃபியாவில் சோதித்தார்கள். அவர்கள் உத்தியோகச் சான்றிதழ் பெற 95 சதவீதத் துல்லியம் வேண்டும். கறுப்பின ஆங்கில வாக்கியங்களைக் கேட்டு எழுதச் சொன்னபோது, பிழையில்லாமல் எழுதப்பட்ட வாக்கியங்கள் நூற்றுக்கு அறுபதைத் தொடவில்லை. சில இடங்களில் யார் யாருக்கு என்ன செய்தார் என்பதே மாறிப்போயிருந்தது. மேல்முறையீட்டை விசாரிக்கும் நீதிபதியின் மேசையில் இருக்கப்போவது இந்தத் தாள்தான். அதில் குரல் இருக்காது.

மனிதருக்குத்தான் மனச்சாய்வு, இயந்திரத்திடம் விட்டுவிடலாமே என்று தோன்றினால், அதையும் பார்த்தாகிவிட்டது. 2020-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஐந்து பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் பேச்சறியும் மென்பொருள்களுக்குக் கறுப்பினத்தவர், வெள்ளையர் இரு தரப்பின் பதிவுகளையும் கொடுத்தார்கள். சொல் பிழை விகிதம் சராசரியாக வெள்ளையருக்கு 19 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 35. இலக்கணமும் சொற்களும் வேறாக இருப்பதால் குழம்பியிருக்கும் என்று ஒரு சந்தேகம் இருந்தது. அதைத் தீர்க்க, இரு தரப்பினரும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி சொன்ன தொடர்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் பிழை ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோளாறு அந்த இயந்திரங்களைப் பழக்கிய ஒலிப்பதிவுகளில் இருக்கிறது, கறுப்பினக் குரல்களை அவை போதுமான அளவு கேட்டதே இல்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.